கல்லில் கை வைக்காத கலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பானியர் ஆற்றிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வந்து, மரப்பீடத்தில் வைத்து, அதைக் கலை என்கிறார்கள். உளி பிடித்துச் செதுக்குபவர் கலைஞர் என்பது புரிகிறது. குனிந்து எடுத்தவர் எப்படிக் கலைஞர் ஆவார்?

பதில்: கேள்வியில் சற்றே கிண்டல் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. சுய்செகி எனப்படும் இந்தக் கலையில் கல்லுக்கு உருவம் கொடுப்பது இயற்கைதான். ஒரே கல்லில் மென்மையான பகுதியும் கடினமான பகுதியும் கலந்திருக்கும்போது, ஓடும் நீரும் அது அடித்துவரும் மணலும் மென்மையானதை முதலில் அரித்துவிடுகின்றன. எஞ்சி நிற்பது முகடாகவும் பள்ளத்தாக்காகவும் தோற்றம் கொள்கிறது. மனிதருக்கு அதில் விடப்பட்டிருப்பவை தேர்ந்தெடுப்பது, எந்தப் பக்கம் முகப்பு என்று தீர்மானிப்பது, கல்லை அமர்த்துவது, பிறகு காத்திருப்பது ஆகிய நான்கு வேலைகள் மட்டுமே.

இவற்றுள் முதல் வேலையே பெரும்பாடு. தொலைமலைக் கல் என்ற வகையை எடுத்துக்கொள்வோம். தலைமைச் சிகரம் நட்டநடுவில் இருக்கக் கூடாது. ஒரு பக்கச் சரிவு நீண்டும் மறுபக்கச் சரிவு குறுகியும் இருக்க வேண்டும். இரு முனைகளும் பார்ப்பவரை நோக்கி மெல்ல வளைந்து வந்தால் நல்லது. அடிப்பக்கம் தட்டையாக, மலை தரையில் வேரூன்றியது போல் அமைய வேண்டும். முன்னும் பின்னும், இடமும் வலமும், அடிப்பக்கமும் என்று மூன்று நிலைகளில் கல்லைச் சோதிப்பது அங்குள்ள மரபு. முன்பக்கம் அழகாக இருந்து அடிப்பக்கம் குமிழாக இருக்கும் கற்கள்தாம் ஆற்றங்கரைகளில் ஏராளம். கையால் தூக்கிவிடக்கூடிய அளவுள்ள ஒரு கல்லில் இத்தனையும் தானாகப் பொருந்தி வருவது அரிது என்பதால், கண்டெடுப்பதையே ஒரு திறமையாக மதிக்கிறார்கள். அந்த மதிப்பு சரியானது என்றே நாம் கருதுகிறோம்.

கேள்வி: மலைத் தோற்றம் மட்டும்தான் சுய்செகியா?

பதில்: இல்லை. அருவி, தீவு, கடலோரப் பாறை, சமவெளிப் படிகள், மேற்பரப்புக் குழியில் நீர் தேங்கி நிற்கும் குளம், கூரை வேய்ந்த குடில் ஆகிய தோற்றங்களும் இதில் உண்டு. அருவிக் கல்லில் நாம் காணும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் கருமையான பாறையின் வெடிப்பில் படிந்த குவார்ட்ஸ் அல்லது கால்சைட் நரம்பாகும். கற்களில் பூ விரிந்தாற்போன்ற கோலம் காணப்படுவதும் உண்டு. கிஃபு மாகாணத்தின் நெயோதானிப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் சாமந்திப்பூக் கற்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. அவை கிடைக்கும் இடம் சிறப்பு இயற்கை நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுவதால், அங்கே போய் எவரும் நினைத்தபடி பெயர்த்து எடுத்துவிட முடியாது.

கேள்வி: மாணிக்கம், மரகதம் போன்ற விலையுயர்ந்த கற்களை இதில் சேர்ப்பார்களா?

பதில்: மாட்டார்கள். பளபளப்பும் கண்ணைப் பறிக்கும் வண்ணமும் இங்கே குறைகளாகவே எண்ணப்படுகின்றன. கருமை, சாம்பல், ஆழ்ந்த பச்சை ஆகிய அடங்கிய நிறங்களுக்குத்தான் முதலிடம். சாடோ தீவின் சிவப்புக் கற்கள் போன்ற விதிவிலக்குகள் உண்டு. வண்ணத்துக்காகவே கல்லை மெருகேற்றி வைப்பவர்களும் ஜப்பானில் இருக்கிறார்கள். அது வேறு வழக்கம்.

கேள்வி: கல்லை ரசிக்கும் பழக்கம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது என்கிறார்கள். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: சீனாவிலிருந்து போனது என்பது உண்மை. சொங் அரச காலத்தில் வாழ்ந்த மீ ஃபூ (1051-1107) என்ற ஓவியர், அரசு அலுவலக வளாகத்தில் நின்ற ஒரு பாறையை மூத்தவராகப் பாவித்து வணங்கினார் என்ற கதை இரு நாடுகளிலும் பிரசித்தம். ஆனால் சீனப் படிப்பறைக் கற்கள் நெடிதுயர்ந்து, துளைகளும் மடிப்புகளுமாக, ஒரு நடனத்தைப் போல முறுக்கிக்கொண்டு நிற்பவை. தைஹூ ஏரிக் கற்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஜப்பானியரின் விருப்பமோ காலப்போக்கில் கிடைமட்டமாகப் படுத்த, ஆரவாரமற்ற கல்லை நோக்கிச் சாய்ந்தது. தேநீர்ச் சடங்கும் ஜென் மடங்களும் வளர்த்த ரசனை இதற்கு ஒரு காரணம்.

பேரரசர் கோ-தைகோ (1288-1339) வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ‘கனவின் மிதவைப் பாலம்’ என்ற கல் இப்போது நகோயாவிலுள்ள தொகுகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீண்டு தாழ்ந்த, பகட்டே இல்லாத கல் அது. பெயரைச் சொல்லாமல் காட்டினால் பலர் கடந்து போய்விடுவார்கள். பிற்காலத்தில் அறிஞர் ராய் சன்யோ (1780-1832) போன்றோர் இந்த ஈடுபாட்டை எழுத்தாளர், ஓவியர் வட்டங்களில் பரப்பினர். 1960களில் கல் சேகரிப்பு ஜப்பானில் பொதுமக்களிடையே பெரும் மோகமாகப் பரவி, ஆற்றங்கரைகளில் கூட்டம் மொய்த்தது.

கேள்வி: கல்லின் அடிப்பகுதியை வெட்டித் தட்டையாக்கினால் குற்றமா?

பதில்: இந்தத் துறையில் ஓயாத வழக்கு இதுதான். வெட்டப்படாத கல்லே உயர்ந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வகாயாமாவின் ஃபுருயா கற்கள் உள்ளிட்ட பலவற்றின் அடிப்பகுதி வெட்டப்பட்டிருப்பதும், அவை மதிப்புக்குரிய காட்சிகளில் இடம்பெற்றிருப்பதும் உண்மை. மரப்பீடம் அடியை மறைத்துவிடுவதால் வெட்டு வெளியே தெரிவதில்லை. வெட்டியதைச் சொல்லிவிட்டுக் காட்சிக்கு வைப்பதை ஏற்கலாம் என்பது நம் கருத்து. சிகரத்தையே அரத்தால் தேய்த்துக் கூராக்கிவிட்டு, பிறகு அமிலத்தால் தடத்தை மறைப்பதை மோசடி என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மரப்பீடத்தை எப்படிச் செய்கிறார்கள்? கல்லை ஒட்டிவிடுவார்களா?

பதில்: பசை கிடையாது. தைசா எனப்படும் அந்தப் பீடத்தைக் கருங்காலி, வால்நட் போன்ற கெட்டி மரங்களில் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகச் செதுக்குவார்கள். கல்லை மரத்தின் மேல் நிறுத்தி, அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, உட்பகுதியைக் குடைகிறார்கள். பிறகு கல்லின் அடியில் வண்ணம் தடவி வைத்து எடுத்தால், மரத்தில் எங்கே மேடு இடிக்கிறதோ அங்கே கறை படியும். அந்த இடத்தை மட்டும் இழைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்ப்பார்கள். கல் ஆடாமல், இடைவெளி தெரியாமல் பதியும் வரை இது தொடரும். பீடத்தின் கால்கள், கல்லின் பாரம் இறங்கும் இடங்களுக்கு நேர் கீழே வரும். விளிம்பு மெல்லியதாக, கல்லை விடக் கண்ணை இழுக்காததாக இருக்க வேண்டும். அலங்காரம் மிகுந்த பீடத்தைக் கண்டால் கல்லில் ஏதோ போதாமை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பீடம் வேண்டாதவர்கள் சுய்பன் எனப்படும் ஆழமற்ற, துளையில்லாத தட்டில் மணல் பரப்பி, நடுவிலிருந்து சற்று விலக்கிக் கல்லை அமர்த்துவார்கள். வெற்று மணற்பரப்பு அப்போது கடலாகவோ சமவெளியாகவோ ஆகிவிடுகிறது.

கேள்வி: கல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்களாமே! செடியா அது, வளர்வதற்கு?

பதில்: வளராது, முதிரும். புதிதாக எடுத்த கல் வெளிறியும் கரடாகவும் இருக்கும். அதைத் திறந்தவெளியில் பலகை மீது வைத்து, வெயிலிலும் மழையிலும் விட்டு, அவ்வப்போது நீர் ஊற்றி, திசை மாற்றி வைத்து, ஆண்டுக்கணக்கில் பேணும் முறைக்கு யோசெகி என்று பெயர். மேற்பரப்பின் கடுமை தணிந்து, நிறம் ஆழ்ந்து, ஈரம் சீராகப் பிடிக்கும் தன்மை வருகிறது. தலைமுறைகளாகக் கை மாறிய கற்களில் தடவித் தடவி வந்த மென்மையும் சேர்ந்திருக்கும். எண்ணெயோ மெழுகோ பூசி ஒரே வாரத்தில் இந்தத் தோற்றத்தை வரவழைப்பவர்கள் உண்டு. பழகிய கண்ணுக்கு அந்தப் பூச்சின் செயற்கை மினுக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: கல்லைக் காட்சிக்கு வைக்கும்போது பக்கத்தில் வேறு என்ன வைக்கலாம்?

பதில்: குறைவாக வைப்பது நல்லது. ஜப்பானிய வீட்டின் தொகொனொமா மாடத்தில் கல்லுக்குப் பின்னே தொங்கும் ஓவியச் சுருள் ஒன்றும், ஓரமாகச் சிறு புல் செடி ஒன்றும் இருந்தால் போதும். கல் மலையானால் சுருளிலும் மலை வரக் கூடாது. நிலவோ பறக்கும் பறவையோ வரலாம். போன்சாய் மரத்துடன் சேர்த்து வைப்பதும் பழைய வழக்கம்; சைத்தாமா நகரில் 2010இல் திறக்கப்பட்ட ஓமியா போன்சாய் கலை அருங்காட்சியகத்தில் மரங்களோடு இத்தகைய கற்களும் உள்ளன. சுய்பனில் அமர்த்திய கல்லானால், பார்வையாளர் வருவதற்குச் சற்று முன் நீர் தெளித்துவிட வேண்டும். உச்சி முதலில் உலர்ந்து வெளிறும். அடிவாரம் நெடுநேரம் கருமையாகவே இருக்கும்.