அல்லிக்கு ஈரப்பத மீட்டர் வேண்டுமா?

கேள்வி: இணையக் கடை ஒன்றில் ஹார்டி எனும் குளிர் தாங்கும் வகை அல்லியின் கிழங்கு பார்த்தேன். ‘வெப்பநிலை 18–24 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல்’ என்று போட்டிருக்கிறார்கள். ஈரப்பத மீட்டரும், தண்ணீரில் போட்டால் பனிமூட்டம் கிளப்பும் கருவியும் சேர்த்து ‘காம்போ’வாகத் தருகிறார்களாம். எங்கள் மாடியில் வெயிலும் காய்ந்த காற்றும்தான். வாங்கலாமா?

பதில்: கிழங்கை மட்டும் வாங்குங்கள்.

காற்று வறண்டால் செடி வாடுவது ஏன்? இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாதபோதுதான். அல்லிக்கு வேர் சேற்றில், காம்பு தண்ணீருக்குள், இலை தண்ணீர் மேலே. அதற்கு ஏது தண்ணீர்ப் பஞ்சம்? வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளுக்கான அட்டவணையை யாரோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பனிமூட்டக் கருவியால் நன்மை இல்லை என்பதோடு நிற்காது. மிதக்கும் இலைக்கு மூச்சுத் துளைகள் மேல்பக்கம்தான் இருக்கின்றன. இலைமேல் ஓயாமல் தண்ணீர் தெறிப்பது அல்லிக்குப் பிடிக்காது. நீரூற்றுக்குப் பக்கத்தில் வைத்தாலே சுணங்கிப்போகும்.

காய்ந்த காற்றால் உங்களுக்கு ஒரே ஒரு வேலை கூடும்: தண்ணீர் சீக்கிரம் வற்றும், அடிக்கடி ஊற்ற வேண்டும். ஆனால் அதில் ஒரு லாபமும் இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, ஆவியாகும் தண்ணீர் தொட்டியின் சூட்டையும் கொண்டுபோகும். காற்றே அசையாத புழுக்கமான நாளில்தான் தொட்டி கொதிக்கும்.

அடுத்து அந்த 18–24 டிகிரி. காற்றுக்கா, தண்ணீருக்கா என்று எழுதவே இல்லை பாருங்கள். அல்லிக்குக் கணக்கு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் ஹார்டி அல்லி சுறுசுறுப்பாகத் துளிர்க்கும். 20-க்கு மேல் போனால் மொட்டு விடும். 30-ஐ ஒட்டிக்கூட நன்றாகவே பூக்கும். 35-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால்தான் சிக்கல்: இலை சிறுக்கும், பாசி மண்டும், கிழங்கு அழுகும் ஆபத்தும் கூடும்.

மதியம் மூன்று மணிக்குத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். ஆழமான தொட்டியில் மேலே வெந்நீர்போல இருந்தாலும் விரல் நுனியில் குளுமை தெரியும். கிழங்கு இருப்பது அங்கேதான். ஆழமில்லாத சின்ன கறுப்பு டப் என்றால் மேலும் கீழும் ஒரே சூடு. அதனால் காம்போவுக்குப் போகிற பணத்தில் அகலமான, ஆழமான தொட்டியாக வாங்குங்கள். மண் மட்டத்துக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் நின்றால் நல்லது. ஆனால் புதுக் கிழங்கை எடுத்தவுடன் அவ்வளவு ஆழத்தில் இறக்காதீர்கள். செங்கல் வைத்து உயர்த்தி, ஒரு சாண் தண்ணீரில் தொடங்கி, இலை வளர வளர இறக்குங்கள். சூட்டுக்குப் பயந்து நிழலுக்கும் மாற்ற வேண்டாம். ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் பூ வராது. வெயில் தண்ணீர்மேல் விழட்டும், தொட்டியின் பக்கச் சுவரில் விழாமல் மற்ற செடித் தொட்டிகளைச் சுற்றி வையுங்கள். இலைகள் பாதித் தண்ணீரை மூடிவிட்டால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ‘ஸோன் 4 முதல் 10 வரை’ என்று அட்டையில் இருக்கிறது. என்ன அர்த்தம்?

பதில்: அது அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரைபடக் கணக்கு. ஓரிடத்தில் குளிர்காலத்தில் சராசரியாக எந்த அளவுக்குக் குளிர் இறங்கும் என்பதை மட்டும் அது சொல்லும். ஸோன் 4 என்றால் மைனஸ் 34 முதல் மைனஸ் 29 டிகிரி வரை. வெயிலை எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. ‘ஹார்டி’ என்பதும் குளிரைத் தாங்கும் என்ற பொருளில்தான், எதையும் தாங்கும் என்றல்ல. குளத்தின் மேலே பனிக்கட்டி கட்டினாலும், கிழங்கு உறையாதவரை பிழைத்துக்கொள்ளும். 4 டிகிரித் தண்ணீர்தான் அடர்த்தி மிகுந்தது, அது அடியில் தங்கிவிடும் என்பதால் ஆழமான குளத்தில் கவலை இல்லை. சின்னத் தொட்டி அடிவரை உறையும் இடமானால், கிழங்கை ஈரம் காயாமல் சுற்றி, குளிர்ச்சியான ஆனால் உறையாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஆண்டு முழுக்க 21 டிகிரிக்குக் கீழே போகாத இடமா? அப்படியானால் டிராபிகல் எனும் வெப்பமண்டல வகை அல்லியையும் யோசிக்கலாம். சூட்டுக்கு அது இன்னும் சுலபமாகப் பழகும்.

கேள்வி: பார்சலில் வந்த கிழங்கு பத்து நாளில் அழுகிவிட்டது. ‘உங்கள் ஊர்ச் சூடுதான் காரணம்’ என்று விற்றவர் கையை விரிக்கிறார்.

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதைத் தீர்மானிக்கிற நேரம் பார்சலைப் பிரிக்கும் நேரம்தான். ஈரம் உண்மையிலேயே முக்கியமாகிற கட்டமும் அதுதான்: தண்ணீரை விட்டு வெளியே இருக்கும் கிழங்கு காயக்கூடாது. ஈரத்தாளில் சுற்றி வந்ததா, தாள் மொரமொரவென்று காய்ந்திருந்ததா? பெருவிரலால் அழுத்தினால் உருளைக்கிழங்குபோல இறுகி இருக்க வேண்டும். அமுங்கி, கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அது வழியிலேயே கெட்டது. நுனியில் குருத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்பினால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். பத்து நாள் கழித்துப் பேசினால் அவர் வெயிலைக் காட்டுவார், நீங்கள் பார்சலைக் காட்டுவீர்கள். ஒன்று, பழைய இலைகள் முதல் வாரத்தில் மஞ்சளாவது சகஜம். குருத்து பச்சையாக இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நீல நிற ஹார்டி அல்லி விதை, பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறார்களே?

பதில்: வேண்டாம். பெயர் வைத்து விற்கும் கலப்பு ரகங்கள் விதையில் அதே ரகமாக முளைக்காது. பல ரகங்கள் விதையே வைப்பதில்லை. நீலம் என்பது ஒன்றிரண்டு புதிய கலப்புகள் தவிர டிராபிகல் அல்லியின் நிறம். படத்தில் பூ தண்ணீருக்கு மேல் காம்பில் நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் அது டிராபிகல்தான். ஹார்டியின் பூ தண்ணீரை ஒட்டி மிதக்கும்.