ரெடிமேட் புராஜெக்ட் வேண்டாம் சார், மொட்டைமாடித் தொட்டி போதும்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கோடை விடுமுறையில் ஏதாவது ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு மாதம் புராஜெக்ட் செய்யணும் என்கிறாள். "அது எந்த வேலைக்கு உதவும்?" என்பது உங்கள் கேள்வி. கடைசி வருஷப் புராஜெக்டை 15,000 ரூபாய்க்கு ரிப்போர்ட்டோடு முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அதைக் கொடுத்துவிட்டால் அவள் நிம்மதியாகப் பிளேஸ்மென்ட்டுக்குப் படிக்கலாமே என்கிறீர்கள். சின்னவன் பி.எஸ்ஸி. கணிதம். "கணக்கில் என்ன சார் ஆராய்ச்சி?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 15,000 ரூபாய். கொடுக்காதீர்கள். நேர்மையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாப நட்டக் கணக்காகவே பார்ப்போம். படித்து முடித்த கையோடு வரும் பிள்ளையிடம் இன்டர்வியூவில் கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது? "உன் புராஜெக்டைச் சொல்லும்மா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்னிடம் மாதிரி இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையன், முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடும் கருவி ஒன்றைப் பளபளப்பாகக் காட்டினான். "இரண்டு படத்திலும் ஒரே ஆள்தான் என்று முடிவுகட்ட 0.6 என்று ஒரு எல்லை வைத்திருக்கிறாயே, ஏன் 0.6?" என்று கேட்டேன். "அப்படித்தான் சார் கொடுத்தாங்க" என்றான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதே வாரம் ஒரு பெண் வந்தாள். அவள் புராஜெக்ட் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன ஆர்டுயினோ போர்டு ஒன்று. மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியின் மூடிக்கு அடியில் பொருத்தி, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்திருக்கிறாள். மதியம் 2 மணிக்கு, யாரும் மோட்டார் போடாமலே, தண்ணீர் 4 சென்டிமீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டியிருக்கிறது. நோட்டில் "சென்சார் கெட்டுப்போச்சு" என்று எழுதியிருந்தாள். புதுசு வாங்கி மாட்டினால் அதுவும் அதே 4 சென்டிமீட்டர். மூன்று வாரம் அல்லாடிய பிறகுதான் பிடிபட்டிருக்கிறது. ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி அது. 20 டிகிரியில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் வேகம் கூடும். வெயிலில் தொட்டிக்குள் காற்று 45 டிகிரியைத் தொட்டதும் எதிரொலி சீக்கிரமே திரும்பிவிடுகிறது. புரோகிராம் பழைய 343ஐயே நம்பிக்கொண்டு, தண்ணீர் கிட்டே வந்துவிட்டது என்கிறது. ஒரு வெப்பமானியைச் சேர்த்துக் கணக்கைத் திருத்தினாள், சரியாகிவிட்டது. "சென்சார் கெட்டுப்போச்சு" என்ற வரியை நோட்டில் அடித்திருந்தாளே தவிர, கிழிக்கவில்லை. அரை மணி நேரம் கேள்வி கேட்டேன், ஒன்றுக்கும் தடுமாறவில்லை. ஆராய்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

இதற்குப் பெரிய கருவி வேண்டும் என்பதில்லை. சி.வி. ராமன் 1906இல், பதினெட்டு வயதில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது, ஒளியைப் பிரித்து அளக்கும் கல்லூரி ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துத்தான். பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது கண்ணில் பட்ட ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லையே என்று யோசித்திருக்கிறார். அவர் 1948இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் உங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

உங்கள் மகளுக்கு உள்ள வசதியே அதுதான். திருநெல்வேலியிலிருந்து வரும் பிள்ளை இரண்டு மாதத்துக்குத் தங்க பி.ஜி. விடுதி தேடி, அட்வான்ஸ் கொடுத்து, சாப்பாட்டுக்கு அலையணும். உங்கள் மகள் வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் டாடா இன்ஸ்டிட்யூட் என்று நாம் சொல்லும் இந்திய அறிவியல் நிறுவனத்தின் வாசலில் இறங்கிவிடலாம். ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு அறிவியல் ஆராய்ச்சி மையம், கோரமங்களாவில் வானியற்பியல் நிறுவனம், மைசூர் ரோட்டில் புள்ளியியல் கழகம் என்று எல்லாம் இந்த ஊரிலேயே இருக்கின்றன. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து, உதவித்தொகையோடு இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சி வாய்ப்பு தருகின்றன. இன்ஜினியரிங் பிள்ளைகளும் போடலாம். அதற்கான விண்ணப்பத்தை வழக்கமாக முந்தைய வருஷக் கடைசியிலேயே வாங்கிவிடுவார்கள். ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. கடைசி வருஷப் புராஜெக்டுக்கு, கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில் மாணவர் புராஜெக்ட் திட்டத்தில் சிறு நிதி தருகிறது. அதைக் கல்லூரி வழியாக, வழிகாட்டும் ஆசிரியரோடு சேர்ந்து கேட்க வேண்டும். விசாரிக்கச் சொல்லுங்கள்.

பேராசிரியருக்கு நேரடியாகவும் எழுதலாம். ஆனால் ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேரும் படிக்காமலே அழிப்பார்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொருவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படிக்கட்டும். முழுக்கப் புரியாது, பரவாயில்லை. "மூன்றாவது படத்தில் இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது என்று புரியவில்லை" என்று உண்மையான ஒரு கேள்வி, தனக்கு என்ன தெரியும் என்று இரண்டு வரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்று ஒரு வரி. போதும். பத்து நாள் கழித்து ஒருமுறை ஞாபகப்படுத்தலாம், அதற்குமேல் வேண்டாம். பெரிய பெயர் உள்ளவரைவிட, புதிதாகக் கூடம் அமைத்திருக்கும் இளம் பேராசிரியரிடம் போனால் அதிகம் கற்றுக்கொள்வாள் என்பது என் அனுபவம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நல்ல கம்பெனி ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைத்து, அது வேலையாக மாறவும் வாய்ப்பு இருந்தால், வீட்டுக்குச் சம்பளம் உடனே தேவைப்பட்டால், இந்தக் கோடையில் அதையே எடுக்கட்டும். இரண்டாம் ஆண்டுக் கோடையாக இருந்திருந்தால் யோசிக்காமல் ஆராய்ச்சிக் கூடம் என்றிருப்பேன். அப்படி எதுவும் கையில் இல்லையென்றால் கூடத்துக்கே போகட்டும்.

அப்புறம், "பேப்பர் போடணுமாமே" என்று கேட்டிருந்தீர்கள். பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். பேப்பர் இல்லாவிட்டாலும், இரண்டு மாதம் பக்கத்திலிருந்து பார்த்த பேராசிரியர் எழுதித்தரும் சிபாரிசுக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

சின்னவன் விஷயம் சுருக்கமாக. கணிதத்தில் இந்த வயதில் புதுத் தேற்றத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பேராசிரியரின் கீழ் ஒரு நல்ல புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் படித்து, ஒவ்வொரு நிரூபணத்தையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தானே எழுதி, வாராவாரம் கரும்பலகையில் விளக்கினால் அதுதான் புராஜெக்ட். 1993 முதல் எம்.டி.டி.எஸ். (MTTS) என்று கணித மாணவர்களுக்கான ஒரு கோடைப் பயிற்சி நடக்கிறது. நான்கு வாரம் கணக்கைத் தவிர வேறு பேச்சே இருக்காது. அவன் அதற்கு விண்ணப்பிக்கட்டும். கணிதக் குறியீடுகளை அழகாக அச்சிட உதவும் லேட்டெக் (LaTeX) மென்பொருளில் எழுதவும் இப்போதே பழகட்டும்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அல்சூருக்கு வாருங்கள். மகள் இதுவரை கல்லூரியில் செய்த ஏதாவது ஒன்றின் நோட்டை எடுத்து வரட்டும். அடித்துத் திருத்திய நோட்டாக இருந்தால் நல்லது.