முழங்கால் மாற்று சத்திரசிகிச்சையும் தொடையில் போடும் நரம்பு ஊசியும்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. நீண்ட காலமாக நீரிழிவு இருக்கிறது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். அடுத்த மாதம் வலது முழங்கால் மாற்று சத்திரசிகிச்சை. பிறகு வரும் நோவைக் குறைக்கத் தொடையில் நரம்பு ஊசி போடலாம் என்று மயக்க மருந்து வைத்தியர் சொன்னார். அம்மா மறுக்கிறார். பல வருடங்களுக்கு முன் பெரியம்மாவுக்கு இப்படி ஊசி போட்டு, மறுநாள் குளியலறைக்குப் போகும்போது கால் மடங்கி விழுந்துவிட்டார். "நோவை நான் தாங்குவன், கால் வழங்காமல் போனால் என்ன செய்யிறது?" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மாவின் பயம் வீண் பயம் இல்லை. பெரியம்மாவுக்கு நடந்தது எப்படி நடந்திருக்கும் என்பதை அவருக்கு விளக்கிச் சொன்னால் பாதி பயம் தெளியும்.

முன்பெல்லாம் இந்த ஊசியைக் கவட்டுப் பக்கம், தொடை தொடங்கும் இடத்திலேயே போடுவோம். அங்கே ஓடும் ஃபெமொரல் நரம்பு முழங்காலின் நோவை மட்டும் கொண்டு போவதில்லை. காலை நிமிர்த்திப் பிடிக்கும் முன்தொடைத் தசையை இயக்குவதும் அதுதான். நரம்பை விறைக்க வைத்தால் நோவு அடங்கும், தசையும் சேர்ந்து ஓய்ந்துவிடும். நோவு இல்லாததால் நோயாளி துணிந்து எழும்புவார், முழங்கால் மடங்கிவிடும். பெரியம்மாவுக்கும் அனேகமாக இதுதான் நடந்திருக்க வேண்டும்.

இப்போது பல இடங்களில் ஊசி கீழே இறங்கிவிட்டது. தொடையின் நடுப்பகுதியில், உட்பக்கமாக, 'அடக்டர் கனால்' என்ற இடுக்கில், ஸ்கேனில் நரம்பைப் பார்த்தபடியே மருந்தைச் செலுத்துகிறோம். முன்தொடைத் தசைக்குப் போகும் கிளைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. மீதி இருப்பவை பெரும்பாலும் உணர்ச்சி நரம்புகள். அதனால் நோவு குறையும், காலின் பலம் பெருமளவு மிஞ்சும். ஆனால் சிலருக்கு மருந்து மேல்நோக்கிப் பரவி, தசை கொஞ்சம் தளரக்கூடும். ஆகவே முதல் நாட்களில் வோக்கரும் பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல் அம்மா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, இரவில் கழிவறைக்குப் போகும்போதும்தான். மயக்க மருந்து வைத்தியரிடம் "ஊசி கவட்டிலா, நடுத்தொடையிலா?" என்று நேராகக் கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த ஊசி முழங்காலின் முன்பக்கத்துக்கே அதிகம் உதவும். பின்பக்கம் நோகிறது என்று அம்மா சொன்னால் ஊசி பிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதற்காகச் சத்திரசிகிச்சை நிபுணரே மூட்டைச் சுற்றி மருந்து போடுவதுண்டு.

நான் அதிகம் கவலைப்படுவது ஊசியைப் பற்றி அல்ல, ஊசியின் வேகம் முடியும் நேரத்தைப் பற்றி. ஒருமுறை போடும் ஊசி சாதாரணமாக 12 முதல் 24 மணி நேரம் வேலை செய்யும். காலையில் சத்திரசிகிச்சை என்றால் அன்று இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் விறைப்பு விடும். பகல் முழுக்கச் சுகமாக இருந்தவர், "எனக்கு நோவே இல்லை, குளிசை எதற்கு?" என்று ஒதுக்கிவிட்டு நித்திரைக்குப் போய், இரண்டு மணிக்குத் துடித்து எழும்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஏறிவிட்ட நோவை இறக்குவது பெரும்பாடு. வைத்தியர் எழுதித் தந்த பரசிட்டமோலையும் மற்றக் குளிசைகளையும் விறைப்பு இருக்கும்போதே, நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் டைக்குளோபெனாக்கை மட்டும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தை அது கெடுக்கக்கூடும்.

"நோவைத் தாங்குவன்" என்ற பேச்சை எங்கள் அம்மாமாரிடம் அடிக்கடி கேட்கிறேன். அவர்களின் மனத்துணிவை மதிக்கிறேன், ஆனால் இந்தச் சத்திரசிகிச்சையில் அது உதவாது. நோவைப் பல்லைக் கடித்துத் தாங்குபவர் காலை அசைக்காமல் வைத்துக்கொள்வார். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே தலையணையை வைப்பார். நாட்கள் போக மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். நீட்டவும் மடக்கவும் பயிற்சி செய்வதற்குத்தான் நோவைக் குறைக்கிறோம். இதை அம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள்.

நீரிழிவு இருப்பதால் ஊசி போடக் கூடாது என்றில்லை. ஆனால் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தால், மயக்க மருந்து வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாத மருந்து எடுத்தால் அதையும் மறைக்காதீர்கள். ஊசியால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது மிக அரிது. கீழ்க்காலின் உட்பக்கம் ஒரு நாள் விறைத்திருப்பது எதிர்பார்த்ததே. பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியவில்லை என்றால், அல்லது ஊசி போட்டதும் நாக்கு மரத்து, காது இரைந்தால், உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். விறைத்த காலில் சுடுநீர் ஒத்தடம் கொடுக்க யாரையும் விடாதீர்கள். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் மாடியைப் பற்றி: வீட்டுக்கு வரும் நேரத்தில் ஊசியின் விறைப்பு போயிருக்கும். ஆனாலும் வைத்தியசாலையை விட்டு வருமுன் பிசியோதெரபிஸ்ட் முன்னால் அம்மா படி ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில். நீங்களும் அப்போது பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள்.