மனோதர்ம இசை: நேரிலும் ஒலிப்பதிவிலும்

நல்ல ஒலிபெருக்கி இருந்தால், வாசிக்கும்போதே கற்பனையில் பிறக்கும் மனோதர்ம இசையைப் பதிவிலேயே கேட்டுவிடலாமே, நேரில் போய்க் கேட்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் கோயில் மேளம் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒலியின் தரம் இதில் சிறு பங்காகவே தோன்றுகிறது.

பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் வீதியில் மேளம் நின்று வாசிக்கும்போது கவனித்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் இராகத்தை விரித்து ஓய்ந்ததும் தவில்கள் இரண்டும் கேள்வியும் பதிலுமாக முறைவைத்து வாசிக்கத் தொடங்கும். ஒருவர் கண்டநடையில் (தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையையும் ஐந்தாகப் பிரிக்கும் நடை) நீண்ட கோர்வையொன்றை, அதாவது கணக்கிட்டுக் கட்டிய முடிப்பை, எடுத்தால், அது எடுப்பில் (பாட்டு தொடங்கும் தாள இடத்தில்) வந்து சரியாக விழுமா என்ற ஐயம் கையில் தாளம் போட்டு நிற்கும் அத்தனை பேருக்கும் இருக்கும்; மற்றத் தவில்காரரோ தம் கழியை நிறுத்திவிட்டு, அவருடைய வலக்கை விரற்கூடுகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். கோர்வை விழுந்தவுடன் எழும் ஆரவாரம், முடிக்கவிருந்தவரை இன்னொரு சுற்றுக்கு இழுத்துவிடும். இதற்கிடையே நாதஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி, வேறொன்றை நாவில் நனைத்துப் பொருத்திக்கொள்வார்.

பதிவில் இந்த ஐயத்துக்கு ஆயுள் ஒரு முறைதான். பலமுறை கேட்ட ஆலாபனையின் (இராக விரிவின்) ஒவ்வொரு பிருகாவும், அதாவது வேகமான சுர ஓட்டமும், மனப்பாடமாகி, கற்பனையாகப் பிறந்தது கீர்த்தனை போல உறைந்துவிடுகிறது. தோடிக்குப் பேர்போன திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சமே அடங்கும். மணிக்கணக்கில் விரியக்கூடிய இராகத்தின் சாற்றை மட்டும் பிழிந்து தர வேண்டிய நெருக்கடி அது. அதையும் ஒரு தனிக் கலை என்றே மதிக்கிறேன்.

அதற்காகப் பதிவைத் தள்ளிவிட முடியாது. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பின்வந்தவர்கள் வேறு எப்படிக் கேட்பது? அவருடைய தாளக் கணக்குகள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும்போதுதான் பிடிபடுகின்றன. வீதியில் நிற்பவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கைபேசிப் பதிவுகளை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தவிலடி விழும்போதெல்லாம் கைபேசி தானாகவே ஒலியளவைத் தாழ்த்திக்கொள்வதால், அவற்றில் நாதஸ்வரம் மூழ்கி மூழ்கி எழும்.