முகூர்த்தத்துக்கு மட்டும் தேதி போட்ட பெண்

போன வாரம் பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா, மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்க மகளை அழைத்து வந்திருந்தார். மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாள். சிவிலெல்லாம் பெண் பிள்ளைக்குச் சரிப்படாது, வெளிநாட்டில் டேட்டா சயின்ஸில் எம்.எஸ். படிக்கட்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். வீட்டுப் பத்திரத்தை வைத்து 40 லட்சம் கடன். எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று நானும் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். பத்திரம் என்ற பேச்சு இரண்டாம் தடவை வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"சித்தப்பா ஜாமீன் கையெழுத்து போடுவாராம்மா?" என்றேன். அம்மா மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

அக்கா கல்யாணத்துக்கு இவள்தான் எல்லா வேலையையும் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டாளாம். அந்த நோட்டின் படம் போனில் இருந்தது. மண்டபம் உறுதியானால்தான் பத்திரிகை அச்சுக்குப் போகும். பத்திரிகை வந்தால்தான் ஊருக்குப் போய் அழைக்க முடியும். எல்லாவற்றுக்கும் நடுவில் அம்புக்குறி. தேதி போட்டிருந்தது முகூர்த்தத்துக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் எங்கே தேதி என்றேன். "முன்னாடி வேலை முடிஞ்சாத்தானே சார் அடுத்தது? அதான் எத்தனை நாள்னு மட்டும் எழுதினேன்."

கட்டுமானக் கம்பெனிகளில் இந்தப் புத்திக்குச் சம்பளம் உண்டு. பிளானிங் இன்ஜினியர் என்பார்கள். ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர்; எந்த வேலைக்குப் பின் எது என்று யாராவது உட்கார்ந்து கோத்தால்தானே நடக்கும்?

இப்படி வேலைகளைக் கோத்து அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 பதிப்பிலிருந்து ஒவ்வொரு வேலையையும் மேனுவலாகவும் வைக்கலாம், ஆட்டோவாகவும் வைக்கலாம். நாமாக மாற்றாவிட்டால் புது வேலை மேனுவலில்தான் விழும். மேனுவலில் நீங்கள் அடித்த தேதி அப்படியே உட்கார்ந்திருக்கும். சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் கட்டும் வேலை, பத்து நாள் தள்ளிப்போனாலும் கான்கிரீட் தேதி நகராது; அதிகம் போனால் தேதிக்கு அடியில் சிவப்பு நெளிகோடு வரும். ஆட்டோவில் கான்கிரீட்டும், முட்டுப் பிரிப்பதும், அதற்குப் பிந்திய பூச்சும் தானாகவே தள்ளிப்போகும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஆட்டோவில் இருக்கும்போதே தொடக்கத் தேதியைக் கையால் அடித்தால், 'இதற்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாட்டை மென்பொருள் சத்தமில்லாமல் போட்டுவிடும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இது முன்னால் வராது. புதியவர்கள் பாதிப்பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான பிரைமவேராவில், அப்படி அடித்த தேதியின் பக்கத்தில் நட்சத்திரக் குறி நிற்கும், எஃப்9 அழுத்தினால்தான் கணக்கு மறுபடி ஓடும். எல்லாத் தேதியையும் ஆணி அடித்தால் கிரிட்டிகல் பாத் என்று, அதாவது தாமதமானால் முடிவுத் தேதியையே தள்ளும் வேலைகளின் வரிசை என்று, அது காட்டுவதை நம்ப முடியாது.

நிலம் கைக்கு வரும் நாள், ஒப்படைக்கும் நாள் போன்றவை நிஜமாகவே அசையாத தேதிகள். அவற்றுக்கு மட்டும் தேதி போட்டுக் கட்டிவையுங்கள். மற்றதெல்லாம் எதற்குப் பின் எது என்ற தொடர்பால் ஓடட்டும். தாங்கிக்குத் தாங்கி 4.5 மீட்டருக்கு மேல் தூரமுள்ள ஸ்லாபுக்கு முட்டுகளை 14 நாள் எடுக்கக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. அதைத் தேதியாக அடிக்காமல், கான்கிரீட்டுக்குப் பின் 14 நாள் இடைவெளி என்று கொடுப்பதுதான் சரி.

செலவைப் பற்றி ஒரே பேச்சு: ஆயிரக்கணக்கில் கட்டி உடனே எந்த வகுப்பிலும் சேராதீர்கள். பிராஜெக்ட்லிப்ரே என்ற இதே மாதிரி மென்பொருள் இலவசம், கையைப் பழக்க அது போதும். முதல் வருடம் சைட்டில் நிற்க வேண்டும். வெயில், தூசி, சனிக்கிழமையும் வேலை. ஆரம்பச் சம்பளமும் ஐ.டி.யோடு போட்டி போடாது. சைட்டைப் பார்க்காத பிளானரை ஃபோர்மேன் மதிக்கமாட்டார், அதனால் வேறு வழியில்லை. அம்மா முகம் சுருங்கியது. மகள் முகம் சுருங்கவில்லை, அதைத்தான் நான் கவனித்தேன்.

ஒரு மாடி வீட்டுக்கு அட்டவணை போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் தேதி. நவம்பரில் பத்து நாள் மழையைச் செருகி, எது எது நகர்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். சனிக்கிழமை வருகிறாள். கடன் விண்ணப்பம் அதுவரை மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.