“இதுவரை யாரையும் கடித்ததில்லை” என்றால் பொறுப்பு போய்விடுமா?

வாசகி கேட்டது: கணவரின் நெருங்கிய நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்களுடைய நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் ஐந்து வயது மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், முன்கையில் கடித்துவிட்டது. நான்கு தையல். சட்டைக் கையும் கிழிந்தது, ரத்தக்கறை போகச் சட்டையைத் துவைத்துவிட்டேன். “இதுவரை யாரையும் கடித்ததில்லை, சாப்பிடும்போது நாங்களே கிட்டப் போகமாட்டோம், பையன் ஏன் போனான்?” என்கிறார் நண்பர். நஷ்டஈடு கேட்க முடியுமா? கேட்டால் நட்பு என்ன ஆகும்? மிருகக்காட்சிசாலையில் நடந்திருந்தாலும் இதே சட்டம்தானா?

முதலில் சட்டத்தில் சேராத ஒன்று. தையல் போட்டதை எழுதியிருக்கிறீர்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. போடவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அந்த நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு என்று நண்பர் வாயால் சொல்வது போதாது, அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாயைக் கவனிக்க வேண்டும், அதுவரை வேறு யாரிடமும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருந்தால் உங்கள் வேலை சுலபம்: ஆசைக்கு வளர்க்கும் நாய் கடித்தால் வளர்த்தவர் பொறுப்பு, அவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்று பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களிலும் நாய்க்கடிக்கு இதே நிலைதான். இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தை, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளாலேயே வளர்ந்த சட்டத்தைப் பின்பற்றும் இடங்களில்தான் சிக்கல். அங்கே நாய், மாடு, குதிரை எல்லாம் சாது என்று வைத்துக்கொண்டு, ‘இந்த விலங்குக்கு ஆபத்தான குணம் இருப்பது உரிமையாளருக்குத் தெரியுமா?’ என்று கேட்பார்கள். தெரிந்திருந்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பொறுப்பு அவருடையது. தெரியாது என்றால் அவருடைய அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

‘முதல் கடிக்குக் காசில்லை’ என்று வக்கீல்கள் வேடிக்கையாகச் சொல்வது இதைத்தான். நண்பரும் அந்தக் கதவு வழியாகத்தான் தப்பிக்கப் பார்க்கிறார். ஆனால் தெரிந்திருந்தது என்று காட்ட ஏற்கெனவே ஒருவரைக் கடித்திருக்க வேண்டும் என்று இல்லை. உறுமியிருக்கலாம், பாய்ந்திருக்கலாம், விருந்தாளி வந்தால் கட்டிப்போடும் வழக்கம் இருக்கலாம். வாசலில் மாட்டிய ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையையே எதிர்த்தரப்பு சாட்சியாக எடுத்துக்கொண்டு வந்ததும் உண்டு.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். “சாப்பிடும்போது நாங்களே கிட்டப் போகமாட்டோம்.” அவர் தன் பக்கத்து நியாயம் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார், எனக்கோ அது உங்கள் வழக்கின் முதல் பக்கம் மாதிரி தெரிகிறது. மற்ற நேரம் பரம சாது, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஆபத்து என்றால் அந்த நேரத்துக் குணத்தையே கணக்கில் எடுக்கிறது இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம். தட்டில் சாப்பாடு இருக்கும்போது கடிக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தும், ஐந்து வயதுப் பிள்ளை வளைய வரும் கூடத்தில் அந்தத் தட்டை வைத்தால் அலட்சியத்தையும் தனியே தேடிப் போக வேண்டியதில்லை.

‘பையன் ஏன் போனான்?’ என்ற வாதம் பெரியவர்களிடம் எடுபடும். இரவில் ஒரு பழைய கார் உதிரிபாகக் கிடங்குக்குள் அத்துமீறி நுழைந்து காவல்நாயிடம் கடிபட்ட பெண்ணுக்கு இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் எதுவும் தரவில்லை. ஆனால் அழைத்து வந்த விருந்தாளியின் சின்னக் குழந்தையிடம் அந்த விவேகத்தை நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று வேண்டுமானால் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

போலீஸ் புகாரையும் நஷ்டஈட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தன் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் போதிய கவனம் எடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் மருத்துவச் செலவுக்குத் தனியாக சிவில் வழக்குதான்.

நட்பு விஷயம். நோட்டீஸ் அனுப்பும் முன் நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டுக் காப்பீடு இருக்கிறதா, அதில் நாய் கடித்தால் பணம் கொடுப்பார்களா? பல நாடுகளில் கொடுப்பார்கள், ஜெர்மனியின் சில மாநிலங்களில் நாய்க்கென்று தனிக் காப்பீடே கட்டாயம். அப்படி இருந்தால் பணம் கொடுப்பது நிறுவனம், உங்கள் கணவர் நண்பர் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டியதில்லை. இல்லையென்றால் மருத்துவ பில்களை மட்டும் கேட்டு ஒரு சமரசக் கடிதம். எனக்கு வரும் இந்த மாதிரி விவகாரங்களில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மிருகக்காட்சிசாலையில் கணக்கே வேறு. புலி, யானை, குரங்கு எல்லாம் காட்டு இனம். பொதுச்சட்டத்தில் அவற்றின் குணம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1957இல் லண்டனில் ஒரு வழக்கு: சர்க்கஸ் யானையைப் பார்த்து ஒரு சின்ன நாய் குரைக்க, யானை மிரண்டு ஓட, பக்கத்துக் காட்சிக் கூடாரம் சரிந்து ஒரு பெண்ணுக்குக் காயம். நன்றாகப் பழக்கிய யானை என்றார்கள். யானை யானைதான், சர்க்கஸ்காரரே பொறுப்பு என்றார் நீதிபதி டெவ்லின். அந்த நாய் காயம்பட்ட பெண்ணின் மேலாளருடையது என்பதும் சர்க்கஸ்காரரைக் காப்பாற்றவில்லை. அதனால் ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகை மட்டும் ஒன்றும் செய்யாது, குழந்தையின் கை நுழையும் அளவுக்குக் கம்பி இடைவெளி இருந்தால் இன்னும் மோசம். ஆனால் தடுப்பைத் தாண்டிக் குதித்த பெரியவர் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இந்தியாவில் மிருகக்காட்சிசாலை விலங்கைச் சீண்டுவதும் தீனி போடுவதுமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ரத்தக்கறை போக மகனின் சட்டையைத் துவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, பல் பட்டுக் கிழிந்த சட்டைக் கையை மட்டும் தைக்காமல் அப்படியே ஒரு கவரில் போட்டு வையுங்கள். தையல் பிரிக்கும் முன் காயத்தை இன்றைக்கே போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. ‘சாப்பிடும்போது நாங்களே கிட்டப் போகமாட்டோம்’ என்ற வாக்கியத்தை நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.