முதலாண்டு உயிரியலில் 64: ஒஹாயோவுக்குப் புதிதாக வந்த ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தையும், உடன் அனுப்பியிருந்த விடைத்தாளின் படங்களையும் நிதானமாகப் படித்தேன். பிளஸ் டூ பொதுத்தேர்வில் உயிரியலில் 96 வாங்கிய பிள்ளை, பாளையங்கோட்டையிலிருந்து இங்கு வந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்திலேயே, இடைத்தேர்வில் 64 வாங்கி, ஆய்வக அறிக்கைக்கு 20க்கு 13 வாங்கி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். பேராசிரியர் பாரபட்சம் காட்டுகிறாரா, அவருக்கு நீங்கள் மின்னஞ்சல் எழுதலாமா, பாடத்திலிருந்து விலகிவிடலாமா, மருத்துவம் படிக்கும் எண்ணம் இத்துடன் முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நான் 2003இல் முதுகலை படிக்க வந்தவன். ஆறு பருவங்கள் இதே முதலாண்டு உயிரியலுக்கு உதவி ஆசிரியராக இருந்து விடைத்தாள் திருத்தியவன். இப்போது ஈராண்டுச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் அதே பாடத்தை நடத்துகிறேன். ஆகவே தெரிந்தவரை விரிவாகவே சொல்கிறேன்.

பாரபட்சம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தேர்வில் வகுப்பின் சராசரியே 66 என்று தாளின் மேலே அச்சிட்டிருக்கிறது. உங்கள் மகள் கடைசியில் நிற்கவில்லை. பெரும்பாலானவர்கள் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறாள். 90க்குக் கீழே என்றாலே தோல்வி என்று எண்ணிப் பழகிய நமக்கு இது மனதில் பதியச் சற்றுக் காலம் பிடிக்கும். சராசரி 65, 70 வருமாறு வேண்டுமென்றே வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்கள் இங்கே உண்டு. யாருக்கு எதுவரை புரிந்திருக்கிறது என்பது அப்படி அமைத்தால்தான் தெரியும் என்பது அவர்கள் கருத்து.

அவள் மதிப்பெண் எங்கே போனது என்பதை ஏழாவது வினா தெளிவாகக் காட்டுகிறது. அந்த வினாவின் சாரம் இது: ஒரு வேதிப்பொருள், செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வழியாக ஹைட்ரஜன் அயனிகள் தங்குதடையின்றிக் கசியும்படி செய்துவிடுகிறது, அப்போது ஏடிபி (செல் ஆற்றலைச் சேமித்துச் செலவிடும் மூலக்கூறு) உற்பத்தி, ஆக்ஸிஜன் நுகர்வு, உடல் வெப்பம் ஆகிய மூன்றும் என்னவாகும் என்று காரணத்துடன் எழுதுக. எட்டு மதிப்பெண். உங்கள் மகள் ஒரு முழுப் பக்கத்துக்கு, செல் சுவாசத்தின் ஒரு கட்டமான கிரெப்ஸ் சுழற்சியை, ஒரு நொதியின் பெயர்கூடப் பிசகாமல், அம்புக்குறிகளுடன் வரைந்து எழுதியிருக்கிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பக்கத்தைப் பார்த்த எந்த ஆசிரியரும் மனம் குளிர்ந்து முழு மதிப்பெண்ணைப் போட்டிருப்பார். இங்கே அதற்கு இரண்டுதான் கிடைத்திருக்கிறது, ஏனென்றால் கேட்டது அதுவல்ல.

எதிர்பார்த்த விடை நான்கு வரிகளில் முடிந்துவிடும். சவ்வின் இருபுறமும் அயனிகளின் அளவில் இருந்த ஏற்றத்தாழ்வு குலைந்துவிடுவதால் ஏடிபி உற்பத்தி சரியும். ஆனால் எலக்ட்ரான் கடத்தல் நிற்காது, முன்னிலும் விரைவாக நடக்கும். அதனால் ஆக்ஸிஜன் நுகர்வு குறையாமல் கூடும். ஏடிபியாகச் சேமிக்கப்பட வேண்டிய ஆற்றல் வெப்பமாக வெளியேறி உடல் சூடாகும். இது கற்பனை வினாவும் அல்ல. டைநைட்ரோஃபீனால் என்ற பொருள் 1930களில் அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக விற்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களில் சிலர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்தார்கள். 1938இல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அரசு அறிவித்தது. பேராசிரியர் அந்த நிகழ்வின் பெயரை மறைத்துவிட்டு உயிரியலை மட்டும் கேட்டிருக்கிறார். விடைக்குத் தேவையான ஒவ்வொரு செய்தியும் உங்கள் மகளின் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. பதினோராம் வகுப்புத் தாவரவியலிலேயே அவள் சுவாசித்தல் பாடம் படித்துவிட்டாள். படித்த ஒன்றை முன்பின் பார்த்திராத ஒரு சூழலில் பொருத்திப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. பாடத்தின் பின்பக்க வினாக்களையும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் கரைத்துக் குடித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் வரவேண்டிய தேவையே நேர்ந்திருக்காது. அதை அவளுடைய குறையாக நீங்கள் எண்ணவேண்டாம்.

ஆய்வக அறிக்கையின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அதில் கவனிக்கவேண்டிய ஓர் ஆபத்து இருப்பதால் கூடுதலாகச் சொல்கிறேன். உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு அடர்த்தியுள்ள சர்க்கரைக் கரைசல்களில் ஊறவைத்து, ஊறும் முன்னும் பின்னும் எடைபோடும் சவ்வூடுபரவல் சோதனை அது, அதாவது செல்சவ்வு வழியாக நீர் உள்ளே வெளியே போவதைக் காட்டும் சோதனை. நம் பள்ளிகளில் ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதவேண்டும் என்பது சோதனை செய்வதற்கு முன்பே முடிவாகியிருக்கும். படம் வரைந்து பாகம் குறித்து, கையொப்பம் வாங்கினால் வேலை முடிந்தது. இங்கே, கிடைத்த எண்கள் எதிர்பார்த்தபடி வராவிட்டால், வரவில்லை என்றே எழுதி அதற்குக் காரணம் தேடவேண்டும். உங்கள் மகளின் அட்டவணையில் ஒரு கிழங்குத் துண்டு மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் எடை கூடியிருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், "சவ்வூடுபரவல் நிரூபிக்கப்பட்டது" என்று முடித்திருக்கிறாள். "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைத் திருத்தியவர் அடித்துவிட்டு, தரவுகள் கருதுகோளை ஆதரிக்கின்றன என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எடை போடுமுன் அந்தத் துண்டின் மேல் ஒட்டியிருந்த நீரைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அங்கே இரண்டு மதிப்பெண் கிடைத்திருக்கும். வரைபடத்தின் அச்சுகளில் அலகுகள் குறிக்கப்படாததற்கும் ஒரு மதிப்பெண் போயிருக்கிறது.

ஆபத்து என்று நான் சொன்னது முன்னுரையில் இருக்கிறது. அங்கே சவ்வூடுபரவலுக்கான விளக்கம் பாடநூலிலிருந்து வரிக்கு வரி அப்படியே எடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் "என்னை வந்து பார்க்கவும்" என்ற குறிப்பும் இருக்கிறது. நூலில் உள்ளதை உள்ளபடி எழுதுவது நமக்கு நேர்மையின் அடையாளம். இங்கே அது திருட்டாகக் கருதப்படும். மறுமுறை நடந்தால் அந்த வேலைக்குச் சுழியம் போடலாம், ஒழுங்கு நடவடிக்கைக்கும் அனுப்பலாம். தோழியின் அறிக்கையைப் பார்த்து எழுதுவதும், தன்னுடையதைத் தோழிக்குக் கொடுப்பதும் இதே கணக்குதான். பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், ஆனால் அழுத்தமாக, இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 64 பற்றி நான் கவலைப்படவில்லை. இதைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

அடுத்து, கணக்கு. சிலபஸ் என்றால் நம் ஊரில் பாடங்களின் பட்டியல். இங்கே அது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான ஒப்பந்தம் போன்றது. நீங்கள் அனுப்பியதில் மூன்று இடைத்தேர்வுகளுக்குத் தலா 15 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 20, ஆய்வகத்துக்கு 25, வாராந்திர இணையப் பயிற்சிகளுக்கும் வகுப்பில் கிளிக்கர் என்ற கையடக்கக் கருவியில் பொத்தானை அழுத்தி அளிக்கும் விடைகளுக்கும் சேர்த்து 10 என்று இருக்கிறது. அப்படியானால் 64 வாங்கியதால் மொத்தத்தில் அவள் இழந்தது 5.4 மட்டுமே. மீதமுள்ள எல்லாவற்றிலும் 90 வாங்கினால் முடிவில் 86.1 வரும், அது பி கிரேடு. ஏ கிரேடுக்கு 90 வேண்டும் என்றால், மீதியில் ஏறத்தாழ 95 தேவைப்படும். கடினம், ஆனால் முடியாதது அல்ல. சராசரி குறைவாக இருந்தால் எல்லாருக்கும் மதிப்பெண்ணை ஏற்றிக் கொடுப்பார்கள் என்று அவளுடைய வகுப்புத் தோழர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சிலர் செய்வார்கள், சிலர் செய்யமாட்டார்கள். இந்தப் பேராசிரியர் அப்படி எதுவும் எழுதித் தரவில்லை என்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பத்து விழுக்காட்டை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. வகுப்புக்குப் போய், யோசித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசி விடையளித்தாலே அது கிடைத்துவிடும். அது வெறும் வருகைப் பதிவுக்காக வைத்ததும் அல்ல: 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், விரிவுரையை மட்டும் கேட்டவர்களைவிட வகுப்பிலேயே இப்படி ஈடுபட்டுக் கற்றவர்கள் குறைவாகவே தோற்றார்கள் என்று தெரியவந்தது.

பேராசிரியருக்கு நீங்கள் எழுதவேண்டாம். பெற்றவர் மனம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் தந்தை போய்த் தலைமையாசிரியரைப் பார்ப்பது அக்கறையின் அடையாளம். இங்கே ஃபெர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் மதிப்பெண் பற்றிய உரிமை மாணவருடையது; அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பேராசிரியர் பொதுவாகப் பெற்றோரிடம் எதுவும் பேசமாட்டார். அவளே போகவேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு ஆசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, ஆஃபீஸ் ஹவர்ஸ் என்று அறிவித்திருப்பார். நான் வந்த புதிதில், அது அவர் அலுவலக வேலை பார்க்கும் நேரம், அப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணி, ஒரு பருவம் முழுவதும் அந்தக் கதவைத் தட்டாமலே இருந்துவிட்டேன். அந்தப் பருவத்தில் நான் இழந்தது அதிகம். மாணவர்களுக்காக அவர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரம் அது. பல நாள்களில் ஒருவரும் வராமல் தனியே உட்கார்ந்திருப்பார். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள் என்று கேட்கப் போகக் கூடாது. ஏழாவது வினாவை எடுத்துக்கொண்டு போய், "நான் எந்த இடத்தில் வழி தவறினேன்?" என்று கேட்டால் போதும்.

விலகுவதைப் பொறுத்தவரை, இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. குறித்த நாளுக்குள் விலகினால், விலகியதைக் குறிக்கும் டபிள்யூ என்று பதிவாகும், ஜிபிஏ என்ற மொத்த கிரேடுச் சராசரி குறையாது என்பது உண்மை. ஆனால் பாடங்களின் அளவைக் குறிக்கும் கிரெடிட் பருவத்துக்கு 12க்குக் கீழே போனால் முழுநேர மாணவர் என்ற நிலை போய், உதவித்தொகைக்கும் சிக்கல் வரலாம். இரண்டாம் இடைத்தேர்வின் முடிவு விலகும் கெடுவுக்கு முன்பே வருமா என்று நாட்காட்டியில் பாருங்கள். வருமென்றால் அதுவரை பொறுத்திருக்கலாம். மருத்துவம் பற்றி இப்போது அஞ்சவேண்டியதில்லை. இங்கே பெரும்பாலோர் நான்காண்டு இளநிலைப் பட்டம் முடித்து, எம்கேட் என்ற நுழைவுத்தேர்வை எழுதித்தான் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். முதல் பருவத்தின் ஒரு பி எவரையும் தடுத்ததில்லை.

படிக்கும் முறையை மட்டும் மாற்றவேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் இரவெல்லாம் விழித்திருந்து படித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும் என்பதே இங்கே பொதுவான கணக்கு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரந்தோறும் ஆறு மணி நேரம் அவளே உட்காரவேண்டும். அந்த ஆறில் இரண்டு மணி நேரமாவது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு, இந்த இடத்தில் இது பழுதானால் அடுத்து என்ன ஆகும் என்று தன்னையே கேட்டு எழுதவேண்டும். நீங்களும் ஒன்று செய்யலாம். இரவு சாப்பிட்டபின் அன்றைய பாடத்தை உங்களுக்கும் மதினிக்கும் தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். "ஏன் அப்படி?" என்று நீங்கள் கேட்க, பதில் வராமல் அவள் நிற்கும் இடம் எதுவோ, அதுதான் அடுத்த நாள் படிக்கவேண்டிய இடம். உயிரியல் தெரியாதவர் கேட்கும் கேள்விக்கு ஆங்கிலக் கலைச்சொல்லைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதால், நான் இன்றும் புதிய பாடம் நடத்துமுன் ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் இப்படித்தான் விளக்கிப் பார்க்கிறேன்.

அவளுடைய பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸ் செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை என்று சிலபஸின் முதல் பக்கத்தில் இருக்கிறது. முதல் முறை தனியே போகத் தயங்கினால் ஒரு தோழியை அழைத்துக்கொண்டு போகலாம், அதில் தவறில்லை. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்; இரண்டாம் இடைத்தேர்வுக்கு முன் அவளுக்கு ஏழாவது வினாவைப் போன்ற சில வினாக்களை நானே எழுதி அனுப்புகிறேன்.